ரெண்டாங்கேள்வி வக்கீல்

வக்கீல் ஞானசிகாமணி இறந்துபோன செய்தி வந்தபோது என் மண்டி வாசலில் உடன்குடிக் கருப்பட்டி வண்டிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தராசில் ஒரு சிப்பம் தொங்கியது. அவருடைய குமாஸ்தா செல்லையா மாடுகளுக்கு நடுவே புகுந்து வந்து, தராசுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிப்பம் கீழே இறங்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு சொன்னார்:

"வக்கீலய்யா விடிஞ்சதும் போயிட்டாவ, அண்ணாச்சி."

நான் கேட்ட முதல் கேள்வி, "அந்த ரெண்டு பேரும் திரும்ப வந்து பாத்தாவளா?" என்பது.

"இல்ல அண்ணாச்சி. நேத்து ஆளனுப்பிக் கேட்டோம். பைய வாரோம்னு சொல்லிவிட்டாவ."

எப்படிப் போனார், வலி இருந்ததா என்றெல்லாம் பிறகுதான் கேட்டேன். அதற்காக யாரும் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்க வேண்டாம். கண் மூடுவதற்கு முன்னால் அவரும் இதைத்தான் கேட்டாராம். செல்லையா சொன்னார்.

அந்த இரண்டு பேர் யாரென்று, அவரை அறிந்த உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சட்டசபைத் தேர்தல் வந்து நிற்கிறது. நகரசபைக்காரர்களும் தாலுகா போர்டுக்காரர்களும் ஓட்டுப் போட்டு நம் பகுதியிலிருந்து ஒருவரை மதராசுக்கு அனுப்ப வேண்டும். மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவர் பென்ஷன் தாசில்தார் சங்கரலிங்கம் பிள்ளை. இன்னொருவர் வள்ளியூர்ப் பக்கத்து மிராசுதார். மூன்றாமவர் எங்கள் ஊர்ச் சந்தைக் குத்தகைக்காரர். முதல் இருவரில் யாராவது ஒருவர் விலகினால் குத்தகைக்காரர் தோற்பார். இருவரும் நின்றால், ஓட்டு பிளந்து, பாதிப் பேருக்கு மேல் வேண்டாமென்கிற அவர் மதராசுக்கு ரயில் ஏறுவார். அவர் ஏறினால் எங்கள் ஆற்றங்கரையில் உள்ள கழிவுக் கிடங்கை அப்புறம் யாரும் அசைக்க முடியாது. ஊர் குடிக்கிற தண்ணீர் அந்தக் கிடங்குக்குக் கீழேதான் ஓடுகிறது. சீவலப்பேரி வரையில் உள்ள ஊர்களுக்கும் அதே தண்ணீர்தான்.

இருவரில் ஒருவரை விலக வைப்பதற்காகத்தான் ஞானசிகாமணி தன் கடைசி நாட்களைச் செலவழித்தார். அது நடக்கவில்லை. அவரைப் புகழ்ந்து இந்தப் பத்திரிகைக்கு எழுதச் சொல்லி நம் வியாபாரிகள் சங்கத்தார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் புகழத் தெரியாது. சரக்கைச் சரக்கென்று சொல்லத் தெரியும். அப்படியே சொல்கிறேன்.

அவரை நான் முதலில் பார்த்தது முன்சீப் கோர்ட்டில். என் மண்டிக்கு வந்துகொண்டிருந்த கருப்பட்டியில் மணல் கலந்திருந்த வழக்கு; எனக்கு அவர்தான் வக்கீல். எதிர்த்தரப்பு வண்டிக்காரன் சாட்சிக்கூண்டில் நின்றான். "சரக்கு உன் கையிலிருந்து மாறவே இல்லையா?" என்று கேட்டார். "இல்லை" என்றான். ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றி, மடித்துப் பைக்குள் வைத்தார். முடித்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வண்டிக்காரனும் தோளைத் தளர்த்திவிட்டான். அப்போது பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுவதுபோல, "மாறவே இல்லையாடே?" என்று அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டார். வண்டிக்காரன் முன்சீப்பைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், கடைசியில் கங்கைகொண்டான் சாவடியில் ஒரு ராத்திரி வண்டியை விட்டுவிட்டு எங்கோ போனதைச் சொல்லிவிட்டான்.

வெளியே வந்ததும், "அதே கேள்வியத்தான கேட்டீரு? வேற என்ன வித்தை வச்சிருக்கீரு?" என்றேன்.

"வித்தையெல்லாம் இல்ல வே. மொத பதிலு மரியாதைக்கு. ரெண்டாம் பதிலுதான் நெசம். மனுசன் மொத தடவ கேக்குறவன் முகத்தப் பாத்துச் சொல்லுவான். ரெண்டாந்தடவ கேட்டாத்தான் தன் மனசப் பாப்பான்."

கோர்ட்டில் அவருக்கு ரெண்டாங்கேள்வி வக்கீல் என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்தவர், வேதக்கோவிலில் பாட்டுப் பாடுகிற கிறிஸ்தவர், ஆனாலும் கடைத்தெருவில் எங்களைப்போலப் பேசுவார். என் மண்டியில் கருப்பட்டி வாங்கினாலும் இந்தப் பழக்கம் விடாது. "நல்லாருக்கா?" என்பார். "நல்லாருக்கு" என்பான் என் கணக்கப்பிள்ளை. கண்ணாடியை மடித்துவிட்டு, "நல்லாருக்காடே?" என்பார். கணக்கப்பிள்ளை என்னைப் பார்க்காமல், "அடுத்த வாரம் வாரும் அய்யா, புதுச் சரக்கு வரும்" என்பான். எனக்கு அதில் நஷ்டம்தான். ஆனாலும் அவர் வரும்போது நான் எழுந்து நிற்பேன்.

இப்பேர்ப்பட்ட மனிதர், கேட்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு தடவை ரெண்டாங்கேள்வி கேட்காமல் விட்டார். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் அது பொய்யாகும்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் வார்டுக்கு நகரசபைத் தேர்தல் வந்தது. குத்தகைக்காரர் நின்றார். அவர் நின்றால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஊர்க் கழிவை அள்ளிப் போகும் வண்டிகள் அவருடைய மைத்துனர் கையில் இருந்தன. ஊருக்கு வெளியே மேட்டுக்காட்டில் கொட்டுவதற்குத் தூரம் அதிகம். ஆற்றங்கரையில் கொட்டினால் மாடுகளுக்குப் பாதி வேலை. அந்த அனுமதிக்காகத்தான் அவர் நகரசபைக்குள் வரப் பார்த்தார். அவரை எதிர்த்துச் சங்கரலிங்கம் பிள்ளை நின்றார். ஞானசிகாமணியும் நின்றார். இரண்டு பேரும் யோக்கியர்கள். இரண்டு பேரும் கிடங்கு ஆற்றங்கரைக்கு வரக்கூடாது என்றவர்கள். இரண்டு பேரும் நிற்பதுதான் ஆபத்து என்று நான் இரண்டு வீட்டுக்கும் நடந்தேன்.

பிள்ளை என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார். "வேதக்காரர் ஒருத்தர் நம்ம வார்டுல நிக்குதாருன்னா அது சந்தோசந்தான். ஆனா எங்க ஆளுங்க என்னையத்தான் நிக்கச் சொல்லுதாவ" என்றார். "நீங்க விலகினா வக்கீல் உங்களுக்குக் காலமெல்லாம் கடன்பட்டிருப்பாரு" என்றேன். சிரித்தார். "பைய பாப்போம், அண்ணாச்சி" என்றார்.

நான் ஞானசிகாமணியிடம் வந்தேன். அங்கேயும் இதே கதைதான். வேதக்கோவில் ஆட்கள் முதல் தடவையாக ஒருவரை நிறுத்தியிருக்கிறார்கள், அவர்கள் முகத்தில் எப்படி அடிப்பது என்றார். பிள்ளை என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன்.

"பைய பாப்போம்னாரா? அப்பம் விலகிருவாரு வே. வெளிப்படையாச் சொல்ல அவருக்குக் கூச்சம்."

"வக்கீலய்யா, என் மண்டியில பைய பாப்போம்னா சரக்கு வேண்டாம்னு அர்த்தம்."

"உம்ம மண்டி வேற."

"நீரே ஒரு நடை போய் ரெண்டாந்தடவ கேட்டுப் பாருமே."

அவர் முகம் சுருங்கியது. "அவரு தாலுகாவே கை கட்டி நின்ன தாசில்தாரு. அவரு வீட்டுப் படியேறி, விலகுதீரா இல்லையான்னு நான் போய்க் கேக்கவா? நல்லாவா இருக்கும்?" என்றார். பிறகு எனக்கும் அதே சொல்லைச் சொன்னார்: "பைய பாப்போம்."

நம் பக்கத்தில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு. அதனால் எல்லோரும் பைய பாப்போம் என்கிறோம். கொடுக்கிறவன் இல்லை என்ற அர்த்தத்தில் கொடுக்கிறான். வாங்குகிறவன் ஆமாம் என்று வாங்கிக்கொண்டு போகிறான். ஞானசிகாமணி பிள்ளை விலகுவார் என்று காத்திருந்தார். பிள்ளையிடமும் வக்கீலின் பைய பாப்போம் போய்ச் சேர்ந்திருந்தது. அவரும் காத்திருந்தார். ஓட்டுப் போடும் நாள் விடிந்தபோது இருவரும் வேஷ்டி மடிப்புக் கலையாமல் நகரசபைக் கச்சேரி வாசலில் வந்து நின்று, ஒருவரை ஒருவர் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்கள். அந்தக் கும்பிடு என் கண்ணிலேயே நிற்கிறது.

உள்ளே போய் அதிகாரி முன்னால் வேண்டியவர் பெயரை வாயால் சொல்லிவிட்டு வரவேண்டும். வாசல்நடையில் குத்தகைக்காரரின் ஆட்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். யாரையும் தொடவில்லை, மிரட்டவில்லை. வருகிறவர்களுக்கு வெற்றிலை கொடுத்தார்கள். வெளியே வருகிறவரிடம், "யாரச் சொன்னீய, மாமா?" என்று மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

சாயங்காலம் குத்தகைக்காரர் ஜெயித்தார். ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் அவருக்கு. மற்ற எல்லோரும் அவரை வேண்டாமென்றவர்கள். ஆனால் அவர்கள் இரண்டாகப் பிரிந்து வேண்டாமென்றார்கள். மாலை போட்டு ஊர்வலம் போனபோது ஞானசிகாமணி என் மண்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மேளச் சத்தத்துக்கு நடுவே, "மிச்சப் பேரு எங்க வே?" என்றார். எனக்குப் புரியவில்லை. மிச்சம் என்றால் வியாபாரிக்கு லாபம். "யாருக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டேன்.

"அதில்ல. அவனுக்குப் போட்டவன் ஊர்வலத்துல போவுதான். மிச்சப் பேரு எங்க? அவங்களும் இந்த ஊருலதான இருக்காங்க? அவங்ககிட்ட இன்னொரு தடவ ஏன் ஒருத்தரும் கேக்கல?"

மழைக்கு முன்பே கிடங்கு ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. ஞானசிகாமணி என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். படித்துறைக்கு மேலே, கூப்பிடு தூரத்தில், வண்டிகள் கவிழ்த்த இடத்தில் பருந்துகள் உட்கார்ந்திருந்தன. கழிவு கரைச்சரிவில் வழிந்து தண்ணீரைத் தொட்டிருந்தது. ஆறு ஒன்றும் நடக்காததுபோல் அதைக் கழுவிக்கொண்டு கீழே போயிற்று. படித்துறையில் பிச்சம்மாள் என்ற, வீடுகளுக்குத் தண்ணீர் சுமக்கும் பெண், குடத்தை மூன்று தடவை அலசிவிட்டு நான்காம் தடவை முகர்ந்து பார்த்தாள். வக்கீலைக் கண்டதும் குடத்தைக் கல்லில் வைத்தாள்.

"ஏ வக்கீலய்யா, தண்ணி நாறுதுன்னு சொன்னா வீட்டுக்காரம்மா என் கொடத்தக் கொற சொல்லுதாவ. என் கொடமா நாறுது? நீங்க சொல்லுங்க."

"இல்லம்மா. கிடங்க மாத்த மனு குடுத்திருக்கோம்."

"மனுவா?" என்று சிரித்தாள். "ஓட்டுப் போட்டியளே, அப்பம் எங்கள ஒருத்தரு கேட்டியளா? வரி கட்டுறவுக ஓட்டுப் போடுறிய. தண்ணி குடிக்குறது நாங்க."

 தான் கேட்கும் மிச்சப் பேரில் பிச்சம்மாளே இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் பட்டது என்று நினைக்கிறேன். அதற்கு அவரிடம் கடைசிவரை பதில் இருக்கவில்லை. இல்லை என்பதை ஒத்துக்கொள்வார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு பேதி வந்தது. அதை நான் விரித்து எழுதப்போவதில்லை. வேப்பிலை கட்டாத நிலைப்படி இல்லை. பிச்சம்மாள் தெருவில் விளக்கேற்றாத வீடுகள் வரிசையாக இருந்தன, அவள் வீடும் அதில் ஒன்று. குத்தகைக்காரர் தன் செலவில் கஞ்சித் தொட்டி வைத்தார். மருந்தும் வாங்கிக் கொடுத்தார். ஜனங்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கஞ்சிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஞானசிகாமணி கேட்டார். ஒரு தடவை கேட்டதே போதுமாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் தங்கள் கலயத்தைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு காரியங்களை விடவில்லை. ஒன்று, கிடங்கை மாற்றும் மனு. மற்றது, மறுஓட்டு. தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு வராவிட்டால் ஜெயித்தார் என்று சொல்லக்கூடாது. முன்னால் வந்த இரண்டு பேரை மட்டும் நிறுத்தி ஊரை இன்னொரு தடவை கேட்க வேண்டும். வேறு தேசங்களில் இப்படி உண்டாம். எனக்கு முதலில் சம்மதமில்லை. "ஒரு தடவ வாரதே பெரும்பாடு. ரெண்டாந்தடவ கடைய அடச்சிட்டு எவன் வருவான்? வாரவன் கொறஞ்சா அதுவும் பாதி ஊருதான?" என்றேன். "வராதவன் வரலங்குறது அவன் பதிலு. கேக்காமலே விடுறது நம்ம குத்தம்" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அந்தச் சந்தேகம் எனக்குப் பாதி இருக்கிறது.

மீதிப் பாதி போனது எங்கள் வியாபாரிகள் சங்கத் தேர்தலில். அவர்தான் நடத்திக் கொடுக்க வந்திருந்தார். தலைமைக்கு மூன்று பேர் நின்றார்கள். உப்பு வியாபாரி ஒருவர் முன்னால் வந்தார். பாதி வரவில்லை. அவருடைய ஆட்கள் மாலையைத் தூக்கிக்கொண்டு மேடையேறினார்கள். ஞானசிகாமணி எழுந்து கையை நீட்டி மறித்தார்.

"மாலையக் கீழ வைங்க. மிச்சப் பேரு எங்க?"

கூட்டம் கொதித்தது. "ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு முகூர்த்தமா வே?" என்றார் ஒருவர். "மாப்பிள்ள மாறுனா பொண்ணு வீட்டுக்காரன் என்ன செய்வான்?" என்றார் இன்னொருவர். "மால வாடிப்போவுது வக்கீலே, புதுசு நீரு வாங்கித் தருவீரா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவர் சிரித்தார், நகரவில்லை. கடைசியில், காப்பி குடித்துவிட்டு வந்து முதல் இரண்டு பேருக்கு மட்டும் மறுபடி போடுவோம் என்று முடிவாயிற்று.

அந்த இடைவேளையில் நடந்ததைத்தான் நான் மறக்கவில்லை. உப்பு வியாபாரி அதுவரை கூடைக்காரர்கள் உட்காரும் வரிசைப் பக்கம் திரும்பியவர் இல்லை. இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வரிசைக்குள் போனார். குனிந்து குனிந்து பேசினார். சந்தை வாசல் சுங்கம் கூடைக்காரர்களுக்கு எப்படிக் கடிக்கிறது என்று அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். மறுஓட்டிலும் அவர்தான் ஜெயித்தார். "அதே ஆளுதான? இதுக்கா இவ்வளவு பாடு?" என்றேன். "அதே ஆளா? செருப்புப் போடாம நிக்காரு, பாரும்" என்றார் ஞானசிகாமணி.

குத்தகைக்காரர் அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். போகும்போது என் தோளில் கை வைத்தார். எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர். "நல்ல வெளாட்டு அண்ணாச்சி. சங்கத்துக்குள்ளயே வச்சுக்கிடுங்க" என்றார்.

சட்டசபைக்கு நாமே ஆளனுப்பலாம் என்று புதுச் சட்டம் வந்தபோது ஞானசிகாமணி குழந்தைபோல் சந்தோஷப்பட்டார். உடனே, மறுஓட்டு விதியைச் சேர்க்கச் சொல்லிச் சர்க்காருக்கு எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன். யோசிக்கப்படும் என்று பதில் வந்தது. சர்க்கார் பாஷையிலும் பைய பாப்போம் உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன். ரெண்டாந்தடவையும் எழுதினார். அதற்குப் பதிலே இல்லை.

இதற்கிடையில் நகரசபைத் தேர்தல் திரும்ப வந்தது. அப்போதும் மூன்று பேர்தான் நின்றார்கள். மூன்றாவது ஆள் எங்கிருந்தோ முளைத்துவிடுவார். குத்தகைக்காரர் அதே மூன்றில் ஒரு பங்கோடு உள்ளே இருந்தார். ஒவ்வொரு மழைக்கும் ஆற்றங்கரையில் கிடங்கு அகலமாயிற்று.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது ஒரு மத்தியானம். கட்டிலில் சாய்ந்திருந்தார். குரல் தேய்ந்திருந்தது. ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். மேல்காற்று அடித்தால் கிடங்கு வாடை அவர் வீடுவரை வரும். பிள்ளையையும் மிராசுதாரையும் வரவழைத்துப் பேசியாகிவிட்டது என்றார். இருவரும் ஆப்பிள் பழம் கொண்டுவந்து வைத்துவிட்டு, பைய பாப்போம் என்று சொல்லிப் போயிருந்தார்கள்.

"ரெண்டாந்தடவ கேட்டீரா?" என்றேன்.

"இந்தத் தடவ கேட்டேன் வே. ரெண்டு பேரும் என் நாடியப் பாத்தாவ. என் சீக்குக்கு வருத்தப்பட்டாவ. பதிலு சொல்லல."

கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு, தூங்கிவிட்டார் என்று நான் எழுந்திருக்கும்போது, "உம்மகிட்ட ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு வார்டுல என்னைய நிக்கச் சொன்னது யாருன்னு தெரியுமா?" என்றார்.

"வேதக்கோவில் ஆட்கள்."

"அவங்ககிட்ட வந்து, ஒங்க ஆளு ஒருத்தரு நின்னா என்னன்னு மொதல்ல கேட்டது யாரு?"

நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"கழிவு வண்டிக்காரன். குத்தகைக்காரரு மைத்துனன். வேதக்கோவிலுக்கு ஒரு மணி வாங்கிக் குடுத்துட்டு, பேச்சோட பேச்சாச் சொல்லியிருக்கான். எனக்கு இப்பந்தான் தெரிஞ்சுது. வள்ளியூர் மிராசுதாருக்குப் போன மாசம் பொன்னாட போத்தி, ஒங்கள விட்டா சட்டசபைக்கு யாருன்னு பேசுனது யாருன்னு விசாரியும்."

விசாரித்தேன். விசாரிக்கவே தேவையிருக்கவில்லை. ஊரே பார்த்திருந்தது. மைத்துனர்தான்.

நம்மைப் பிளக்கிறவன் நம் எதிரியாக வருவதில்லை. நம் ஆளை மெச்சிக்கொண்டு வருகிறான். இது ஞானசிகாமணி சொன்னதில்லை, நான் பார்த்துப் புரிந்துகொண்டது. சட்டத்தில் ரெண்டாங்கேள்வி இல்லாதவரை அவனுக்கு வேறு வேலை எதுவும் தேவையில்லை. மூன்றாவதாக ஒரு நல்லவரைத் தேடிப் பிடித்து மெச்சினால் போதும்.

அடக்கம் அன்று கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் கொள்ளவில்லை. பிள்ளை குழிக்கு இந்தப் பக்கம் நின்றார், மிராசுதார் அந்தப் பக்கம். இருவரும் உண்மையாகவே அழுதார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. குத்தகைக்காரரும் வந்திருந்தார். இருந்ததிலேயே பெரிய மலர்வளையம் அவருடையது. அதைச் சுமந்து வந்தவர் அவருடைய மைத்துனர். வைத்துவிட்டு மிராசுதாருக்குப் பின்னால் போய் நின்று, அவர் காதில் ஏதோ சொன்னார். மிராசுதார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

மண் போட்டு முடிந்ததும் நான் இருவரையும் ஒரு வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனேன். நயமாகப் பேச எனக்கு வராது. நேராகச் சொன்னேன்: "சட்டம் மறுஓட்டுத் தரல. நாமளே முன்னோட்டு வச்சுக்கிடுவோம். ஒங்க ரெண்டு பேருக்கும் போடுதவங்க எல்லாரையும் என் மண்டி முற்றத்துக்குக் கூப்பிடுதேன். அங்கன ஒரு தடவ கேப்போம். கொறஞ்சவரு விலகட்டும். யாரு கொறஞ்சாலும் அவருக்கு மொத மால என்னுது."

பிள்ளை மிராசுதாரைப் பார்த்தார். மிராசுதார் புதுமண்ணைப் பார்த்தார்.

"அவருக்காக இது செய்யணுந்தான். பைய பாப்போம், அண்ணாச்சி" என்றார் பிள்ளை.

"ஆமா, பைய பாப்போம்" என்றார் மிராசுதார்.

என்னிடம் மடிப்பதற்குக் கண்ணாடி கிடையாது. மேல்துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டேன். "வாறீயளா, இல்லையா?" என்று ரெண்டாந்தடவை கேட்டேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய மனிதர்களை அப்படிக் கேட்டது பலருக்குப் பிடிக்கவில்லை. அந்த இருவரும் வாய் திறக்குமுன் பாட்டுக்காரர்கள் கடைசிப் பாட்டை எடுத்துவிட்டார்கள். பாட்டு முடிந்தபோது இரண்டு வண்டிகளும் புறப்பட்டிருந்தன.

ஞானசிகாமணியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ரெண்டாங்கேள்விதான். வேறு எதையும் அவர் விட்டுப்போகவில்லை, நானும் கேட்கவில்லை. வியாபாரிக்கு மிச்சம் என்றால் கைக்கு வந்தது. அவருக்கு மிச்சம் என்றால் கேட்கப்படாமல் நின்றவர்கள். அந்தச் சொல்லை இனி நான் அவர் அர்த்தத்தில்தான் எடுத்துக்கொள்வேன்.

பிள்ளையவர்களே, மிராசுதாரவர்களே, இந்தப் பத்திரிகை உங்கள் இருவர் வீட்டுக்கும் வருகிறது. மூன்றாந்தடவையாகக் கேட்கிறேன். மண்டியில் சரக்கை ஒதுக்கி, முற்றத்தைக் கழுவி, இரண்டு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். இன்று காலை மேல்காற்று மறுபடி அடிக்கத் தொடங்கிவிட்டது. முற்றம் முழுக்க ஆற்றங்கரை வாடை. நாற்காலிகள் காலியாக இருக்கின்றன.